கோட்டாறு கடைக் காசுகள்: தாய்மாமாவின் சேகரிப்பைப் பிரித்த அனுபவம்

1940களில் நாகர்கோவில் கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் கல்லாவில் இரண்டு அரசாங்கங்களின் காசு கலந்து கிடக்கும். ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானம், அதனால் சில்லறைக் கணக்கு சக்கரத்தில். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழி தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா, அங்கே அணா கணக்கு. சரக்கு அங்கிருந்து வர வேண்டுமென்றால் பிரிட்டிஷ் ரூபாய் கையில் இருக்க வேண்டும். அந்த ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும். அப்புறம் 1949-ல் சமஸ்தானம் போனது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம், அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அடுத்த ஆண்டே, 1957 ஏப்ரல் 1-ல், நயா பைசா வந்தது. பத்து வருடத்துக்குள் ஒரே கடைக்காரர் மூன்று விதமாக எண்ணப் பழக வேண்டியிருந்தது.

அப்படிப் பழகிய கடைக்காரர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவருக்குப் பிறகு கடையில் உட்கார்ந்த தாய்மாமா, செல்லாமல் போன காசுகளை எடைக்குப் போடாமல் ஒதுக்கி வைத்தார். பிறகு அதுவே அவருடைய ஆசையாகிவிட்டது. வடசேரிச் சந்தையிலும், குளச்சல் பக்கமும், கொழும்பிலிருந்து திரும்பி வந்தவர்களிடமும் வாங்கிச் சேர்த்தார். மாமா காலமான பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டார். "மக்கா, மாமா இருந்த வரைக்கும் ஒருத்தரையும் தொட விடமாட்டாவ. இப்ப எல்லாத்தையும் மொத்தமா குடுத்துரலாம்னு பிள்ளைக சொல்லுது. நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு."

நாலாயிரத்துக்கு மேல் காசுகள். ஹார்லிக்ஸ் பாட்டில்களிலும், பிஸ்கட் டப்பாக்களிலும், சுருக்குப்பைகளிலும், தீப்பெட்டிகளிலும் இருந்தன. இப்படி ஒரு சேகரிப்பு பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அது கைக்கு வரும் நாளில் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு போகும்?" என்பதுதான். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: எது எதோடு இருந்தது? அதைத்தான் ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது. விலையை எப்போது வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

மைனி (மாமாவின் மூத்த மகள்) தரையில் பெட்ஷீட்டை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, வெள்ளி ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம் என்று பிரிக்கலாம் என்றார். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மைதான். ஆனால் டப்பாக்களுக்குள் மாமா எழுதிய துண்டுச் சீட்டுகள் இருந்தன. பழைய ரசீதுத் தாளின் பின்பக்கம், பென்சிலால், "அப்பா கல்லா, அடித்தட்டு", "தோவாளை, பூ வியாபாரி", "கொழும்பு, செட்டியார் கடைப் பையன்" என்று இரண்டு மூன்று சொற்கள்தான். சில சீட்டுகளில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, போட்டிருந்தது. கொட்டிவிட்டால் அந்தச் சீட்டுகள் வெறும் தாள். அதனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் ஓர் எண் எழுதி ஒட்டினோம். திறக்கும் முன் ஒரு படம், திறந்ததும் ஒரு படம், சீட்டை மட்டும் தனியாக ஒரு படம். எந்தக் காசை எங்கே எடுத்து வைத்தாலும் அது வந்த டப்பாவின் எண் கூடவே போக வேண்டும். ஒரு நீளமான கணக்கு நோட்டில் டப்பா எண், காசின் விவரம், எடை, சீட்டில் இருந்த வாசகம் என்று பத்தி பிரித்து எழுதினோம். கம்ப்யூட்டரில் ஏற்றியது அப்புறம்தான். கூட உட்கார்ந்த அத்தையும் பிள்ளைகளும் நோட்டில் தாங்களே எழுத முடிந்தது. பாதி வேலை அப்படித்தான் நடந்தது.

சீட்டு இருந்ததால் என்ன லாபம் என்பதற்கு ஒரு காசைச் சொல்கிறேன். ஒரு தீப்பெட்டிக்குள் தேய்ந்த செம்புக் காசு. ஒரு பக்கம் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகளும் பின்னிய டச்சுக் கும்பினியின் முத்திரை. மறுபக்கம் அலைகளுக்கு மேலே பாதி உடல் தெரியும் சிங்கம், அதாவது சீலாந்து மாகாணத்தின் சின்னம். சீட்டில் "குளச்சல், வலைக்காரர்" என்று இருந்தது. 1741-ல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரைத் தோற்கடித்த குளச்சல்! வீட்டில் எல்லோரும் துள்ளிவிட்டார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வருடம் 1752. சண்டை முடிந்து பதினோரு வருடம் கழித்து அடித்த காசு. ஆகவே அதைப் போரோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் தோற்ற பிறகும் டச்சுக்காரர் இந்தக் கரையில் வியாபாரம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அதற்கு இந்தக் காசு பொருத்தமான சாட்சி. ஊர்ப்பெயர் இல்லாமல் இருந்தால் இது எங்கும் கிடைக்கிற ஒரு டச்சு டொயிட், அதாவது சிறு செம்புக் காசு. கிடைத்த இடம் எழுதியிருந்ததால்தான் எங்கள் மாவட்டத்தின் காசு ஆனது. நோட்டில் "குளச்சல், 1752, போருக்குப் பிந்தியது" என்று தெளிவாக எழுதினேன். நாளைக்கு யாரும் கதை கட்டிவிடக் கூடாது என்பதற்காக.

எண் போட்டு முடிந்த பிறகுதான் பிரித்தல். உலோகத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், அடித்த அரசை வைத்துப் பிரியுங்கள். எங்களுக்குத் திருவிதாங்கூர், பிரிட்டிஷ் இந்தியா, சுதந்திர இந்தியா, இலங்கை, மலாயா, ஐரோப்பியக் கும்பினிகள், படிக்க முடியாத பழஞ்செம்பு என்று ஏழு தட்டுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் அரசர், பிறகு மதிப்பு, பிறகு வருடம். கருவிகள் அதிகம் வேண்டாம். நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், விட்டம் அளக்க ஒரு வெர்னியர், ஒரு காந்தம், அடியில் விரிக்க மெத்தென்ற துணி. காசை விளிம்பில் பிடித்து, துணிக்கு மேலேயே வைத்துப் பார்த்தால் விழுந்தாலும் அடிபடாது.

திருவிதாங்கூர்த் தட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இருக்காது. காற்றடித்தால் பறந்துவிடும் போல இருக்கும். இவற்றை ஆயிரக்கணக்கில் எப்படி எண்ணினார்கள்? பரணில் கிடந்த ஒரு மரப் பலகை அதைச் சொன்னது. பணியாரச் சட்டிபோல ஆனால் மிகச் சிறிய குழிகள், வரிசை வரிசையாக. குடும்பத்தில் பலர் அதை ஏதோ விளையாட்டுப் பலகை என்று நினைத்திருந்தார்கள். அதுதான் சக்கரப் பலகை. சக்கரங்களை அள்ளிப் போட்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் குழிக்கு ஒன்று உட்காரும், மிச்சத்தைக் கையால் ஒதுக்கிவிடலாம். குழிகளின் எண்ணிக்கை தெரிந்ததுதானே, எண்ணியும் முடிந்தது. காசு சேகரிப்பைப் பெறுகிறவர்கள் சுற்றியிருக்கும் மரச்சாமான், தராசு, படிக்கல், கணக்குப் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தப் பலகைதான் காரணம்.

பிந்திய திருவிதாங்கூர் காசுகளை அடையாளம் காண்பது எளிது. சங்கு இருக்கும். சித்திரைத் திருநாள் பாலராம வர்மா காலத்துச் செம்புக் காசுகளில் அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் பின்னியிருக்கும். ஒரு சக்கரக் காசில் அவர் முகமே இருக்கிறது. வெள்ளிப் பணத்திலும் கால் ரூபாய், அரை ரூபாயிலும் வருடம் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1112 என்று பார்த்ததும் தொள்ளாயிரம் வருடத்துப் பழைய காசு என்று ஒரு உறவினர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும். சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில், வருடம் பிறப்பதால் முதல் சில மாதங்களுக்கு 824. ஆக 1112 என்பது 1936-37. இந்தக் காசுகளை முறையாகப் பெயரிட்டு வைத்திருப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நெடுமங்காடு கோயிக்கல் அரண்மனையில் உள்ள நாணயவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். புத்தகத்தில் படிப்பதைவிடக் கண்ணால் ஒருமுறை பார்ப்பது நிறையச் சொல்லித் தரும்.

பிரிட்டிஷ் இந்தியத் தட்டுதான் எண்ணிக்கையில் பெரியது. பணமதிப்பு விஷயத்தில் ஏமாறக்கூடிய இடமும் அதுதான். ரூபாய்க் காசில் முதலில் யார் தலை என்று பாருங்கள். 1835-ல் எல்லா மாகாணங்களுக்கும் ஒரே நாணயம் என்று ஆனபோது வில்லியம் அரசர். 1840 வருடமிட்ட காசுகளில் இளம் விக்டோரியா. 1862 முதல் கிரீடம் அணிந்த விக்டோரியா 'ராணி'. 1877 முதல் அதே முகத்தோடு 'பேரரசி'. 1903 முதல் ஏழாம் எட்வர்ட், 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ், கடைசியாக ஆறாம் ஜார்ஜ். காசில் இருக்கும் வருடமே அடித்த வருடம் என்று எண்ணிவிடாதீர்கள். 1862 என்ற வருடத்தை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடித்தார்கள். பூ வேலைப்பாட்டுக்குள் இருக்கும் நுண்ணிய புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள் சேகரிப்பாளர்கள். அதனால் ஒரே மாதிரி இருக்கிறதே என்று இருபது 1862 ரூபாயை ஒரே பையில் போட்டு எடைக்குக் கொடுப்பது பெரிய நஷ்டமாக முடியலாம்.

1911 ரூபாய்க்குத் தனிக் கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்க்கப் பன்றிபோல் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்பியது. வெளியிடாமல் இருந்ததை உருக்கினார்கள், அடுத்த வருடம் தும்பிக்கையைத் திருத்தினார்கள். மாமாவின் சேகரிப்பில் ஒன்று இருந்தது. ஒரு சீட்டும் இல்லாமல் 1912, 1913 ரூபாய்களுக்கு நடுவே கிடந்தது. லென்ஸில் அந்த யானையைப் பார்த்த சாயங்காலம் வீட்டில் ஒரே சந்தோஷம்.

இப்போது வெள்ளிக் கணக்கு. இது தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 1835 முதல் பழைய தரத்து ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். இரண்டாம் உலகப்போர் நெருக்கடியில் 1940 முதல் பாதி வெள்ளிதான் போட்டார்கள், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். எடை மாறவில்லை, வெள்ளி 5.83 கிராமாகிவிட்டது. விளிம்பைப் பாருங்கள். பழையதில் நேர்க்கோடுகள், போர்க்காலத்ததில் நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் வேலைப்பாடும். 1947-ல் புலி படம் போட்ட ரூபாய் வெள்ளியே இல்லை, நிக்கல். அதுவும் 11.66 கிராம்தான், பளபளவென்றுதான் இருக்கும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். 1950களின் கதிர் போட்ட ரூபாயும் அப்படியே.

நாங்கள் விசாரித்த ஒரு கடையில் எல்லா ரூபாயையும் ஒரே தட்டில் போட்டு, "பழைய காசுல பாதிதான் வெள்ளி இருக்கும்" என்று எல்லாவற்றுக்கும் அரை விலை சொன்னார்கள். வகை பிரித்து, மூன்று பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் எடை எழுதிப் போயிருந்ததால் அந்த விலையை ஏற்க வேண்டிய அவசியம் வரவில்லை. சந்தேகமான காசுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துச் சுழியம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பழைய தரத்து ரூபாய்க்கு 10.3 சுற்றி வர வேண்டும், அதாவது தராசு 1.13 கிராம் போலக் காட்டும். 9-க்குக் கீழே வந்தால் அது வெள்ளி ரூபாய் அல்ல.

போலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1939 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய் மிக அரிது. அதனாலேயே போலி ஏராளம். 1938-ல் இருக்கும் 8-ஐச் சுரண்டி 9 ஆக்குவதும் உண்டு. கையில் அப்படி ஒன்று கிடைத்தால் லென்ஸில் அந்த ஓர் எண்ணை மட்டும் நிதானமாகப் பாருங்கள், பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள். இன்னொரு வகை, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், "கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818" என்று மறுபக்கம். எங்கள் சேகரிப்பிலும் சில இருந்தன. கும்பினி அப்படி எதையும் அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ வார்த்து விற்றவை. இவற்றைத்தான் அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு, இரிடியம் கலந்தது என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசி முன்பணம் பிடுங்குகிறார்கள். ரைஸ் புல்லிங் மோசடியில் வீடு, நிலத்தை இழந்த குடும்பங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய காசு வீட்டில் இருக்கிறது என்ற பேச்சு வெளியே போனால் இப்படி ஆட்கள் வருவார்கள். எங்களுக்கும் வந்தார்கள். வாசலிலேயே அனுப்பிவிட்டோம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன், வரி என்று பணம் கேட்டால் அதுவும் மோசடிதான். பழைய காசு வாங்கி விற்பதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிவித்தது.

சுத்தம் செய்வதைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். செய்யாதீர்கள். அத்தை நல்ல மனதோடுதான் புளியும் சாம்பலும் எடுத்து வைத்தார். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேலே படிந்திருக்கும் பழுப்பும் கருமையும் அழுக்கு அல்ல, அந்த உலோகத்தின் தோல். தேய்த்தால் எழுத்தின் கூர்மையும் போகும், லென்ஸில் பார்த்தால் கோடுகள் தெரியும், தெரிந்தவர் யாரும் நல்ல விலை தரமாட்டார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். செலோடேப் பசைக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரமாக இருந்து செய்ய வேண்டும். செம்பில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரம் இருக்கும்வரை அது அரித்துக்கொண்டே போகும்.

மாமா ஒரு காலத்தில் வாங்கிய பிளாஸ்டிக் ஆல்பம்தான் சேகரிப்பிலேயே அதிகக் கெடுதல் செய்திருந்தது. மெத்தென்று வளையும் பிவிசி உறைகள் வெயில் காலத்தில் வியர்த்து, காசின் மேல் பச்சைப் பிசுக்கை விட்டிருந்தன. பாட்டிலில் கிடந்தவை நன்றாகவே இருந்தன! பிவிசி இல்லாத உறை, அல்லது நடுவில் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த சதுர அட்டை வாங்குங்கள். நம்மைப்போல் கடல் காற்று படும் ஊரில் ஒவ்வொரு பெட்டியிலும் சிலிகா ஜெல் பொட்டலம் கட்டாயம். எல்லாக் காசுக்கும் தனி உறை வாங்கினால் செலவு தாங்காது. தேய்ந்த காலணாக்களும் ஓட்டைக் காலணாக்களும் பொதுவான தாள் பொட்டலத்திலேயே நன்றாக இருக்கும்.

இலங்கை, மலாயாக் காசுகளில் பெரிய விலை எதுவும் இல்லை. ஆனால் 1870-க்குப் பிந்திய இலங்கைச் செம்புச் சதத்தில், மரத்தின் ஒரு பக்கம் சிங்களமும் மறுபக்கம் தமிழும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது அவர்கள் முகம் மலர்ந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சுத் துட்டிலும் ஒரு பக்கம் தமிழில் ஊர்ப்பெயர்தான். சென்னைக் கும்பினியின் 1808-ஆம் ஆண்டுப் பத்துக் காசு ஒன்று நீர் அரித்த மாதிரி இருந்தது. இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கியது. 1980களில் கடலடியிலிருந்து அள்ளி எடுத்தவை உலகச் சந்தையில் நிறைய. பழமைக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்பதை இது காட்டும். ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசுக்கு ஆயிரம் வயது. ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரண நிலையில் உள்ளதைப் பள்ளி மாணவர்கூட வாங்கிவிடலாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மாமாவின் இளைய மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். "எனக்கு அப்பா ஞாபகமா ஒரு சக்கரமாவது" என்று கேட்டாள். பழைய வெள்ளிச் சக்கரத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கென்று 1957 முதல் 1964 வரையிலான நயா பைசா வரிசையைச் சேர்த்துக் கொடுத்தோம். அவள் அப்பா கடையில் நின்று அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது அந்தக் காசுகளில்தான். இதையும் சொல்லிவிடுகிறேன்: கிணறு தோண்டும்போதோ வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதோ புதைத்து வைத்த காசு கிடைத்தால் அது இந்தக் கணக்கில் வராது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

விற்பதா, வைப்பதா என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது. விற்பதில் தவறே இல்லை. அத்தைக்கு மருத்துவச் செலவு இருந்தது. போர்க்கால ரூபாய்களில் ஒரே வருடத்தில் பல இருந்தவற்றை, வருடத்துக்கு ஒன்று நிறுத்திக்கொண்டு, மீதியை விற்றோம். விற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: "நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறேன்" என்று வருபவரிடம் டப்பாவைத் திறந்து காட்டாதீர்கள். அவர் எடுத்துக்கொண்டு போகும் பத்தில்தான் மொத்த மதிப்பும் இருக்கும். பட்டியலை மட்டும் கொடுங்கள், படம் காட்டுங்கள், ஒருவரல்ல, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். நாணயவியல் சங்கங்கள் நடத்தும் கண்காட்சிக்கு ஒருமுறை போனால் விலை நிலவரம் கண்ணுக்கே தெரியும். அங்கே வரும் வயதான சேகரிப்பாளர்கள் பலர் எந்த லாபமும் எதிர்பார்க்காமல் சொல்லித் தருகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டதுதான் மேலே நான் எழுதியதில் பாதி.

பாகம் பிரிக்கும்போது நாங்கள் காசை எண்ணிப் பங்கு போடவில்லை. "அப்பா கல்லா" என்று சீட்டு இருந்த டப்பாக்கள் எல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். சக்கரம், காசு, காலணா, அணா, நயா பைசா என்று ஒரு கோட்டாற்றுக் கடையின் கல்லா அப்படியே இருக்கிறது அதில். தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் மலிவான காசுகள். சேர்த்து, சீட்டோடு, சக்கரப் பலகையோடு வைத்துப் பார்த்தால் எந்த அருங்காட்சியகமும் விரும்பும் தொகுப்பு. அது மைனி வீட்டில் இருக்கிறது. மற்றவை பிள்ளைகளுக்கு. கணக்கு நோட்டின் நகல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. யார் எதை விற்றாலும் நோட்டில் தேதி போட்டுக் குறிக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஏழாவது தட்டு மட்டும் இன்னும் முடியவில்லை. மீன் தெரிகிற பாண்டியர் காசுகள் சில, நாயக்கர் காலத்தவை என்று நினைக்கும் சில, தடவினால் மட்டும் எழுத்து தட்டுப்படுகிற சில. சாய்வாக டார்ச் அடித்து, நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் காட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். கல்வெட்டுப் படித்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடமும் கொண்டுபோவேன்.